பள்ளி வாயிலும் பிள்ளை நெஞ்சும்: இனப்பிரிவினை நீக்கத் தன்வரலாறுகள் குறித்து ஓர் ஆய்வு

1. தோற்றுவாய்

தன்வரலாற்று இலக்கியம் மூவகை உண்மைகளை நமக்கு அளிக்க வல்லது. நிகழ்ந்தது இது என்பது ஒன்று. நிகழ்ந்தபொழுது நெஞ்சம் உற்றது இது என்பது மற்றொன்று. பின்னர் எண்ணிப் பார்க்குங்கால் அதன் பொருள் இது என்பது மூன்றாவது. முதிர்ந்தோர் தம் முதிர்ந்த பருவத்துச் செயல்களை எழுதுங்கால் இம்மூன்றும் ஒன்றையொன்று நெருங்கி நிற்கும். இளம்பருவத்தில் உற்றதை ஒருவர் நாற்பதாண்டு கழித்து எழுதப் புகுவாராயின், இம்மூன்றனுக்கும் இடையே பெரியதோர் இடைவெளி தோன்றிவிடும். அவ்விடைவெளியை ஆசிரியர் எவ்வாறு கடக்கிறார் என்பதைக் கொண்டே அந்நூலின் தகுதியை நாம் அளந்தறிதல் வேண்டும்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்மாநிலங்களில் வெள்ளையர்க்கென ஒதுக்கப்பட்டிருந்த பள்ளிகளுள் முதன்முதல் அடியெடுத்து வைத்த கறுப்பினச் சிறார் சிலர், பின்னாளில் தம் வரலாற்றைத் தாமே எழுதியுள்ளனர். அவற்றுள் மெல்பா பட்டில்லோ பீல்ஸ் 1994இல் வெளியிட்ட 'வீரர் அழுவதில்லை' என்னும் நூலும், ரூபி பிரிட்ஜஸ் 1999இல் வெளியிட்ட 'என் கண்களின் வழியே' என்னும் நூலும் தலைமை வாய்ந்தவை. இவற்றை வீரத்தின் வரலாறு என்று மட்டும் கொண்டு போற்றுவோர் பலர். அக்கூற்றுப் பிழையன்று, ஆயினும் நிறைவுடையதன்று. இந்நூல்களின் உயிர்நிலை வாயிலைக் கடந்த வீரத்தினும், கடந்தபின் உள்ளே உற்ற தனிமையிலேயே தங்கியுள்ளது என்பதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. வரலாற்றுப் பின்புலம்

இனவாரியாகப் பிரிக்கப்படினும் வசதிகள் நிகராக இருப்பின் போதும் என்னும் கொள்கையை அந்நாட்டு உச்சநீதிமன்றம் 1896இல் ஏற்றுக்கொண்டது. 1954 மே 17ஆம் நாள் தலைமை நீதிபதி எர்ல் வாரன் அளித்த தீர்ப்பு, பொதுக்கல்வித் துறையில் அக்கொள்கைக்கு இடமில்லை என ஒருமனதாக அறிவித்தது. எனினும் எந்நாளில் இது நிறைவேற வேண்டும் என்று அத்தீர்ப்பு வரையறுக்கவில்லை. 1955இல் வந்த இரண்டாம் தீர்ப்பும் விரைவையும் நிதானத்தையும் ஒரு தொடரிலேயே பிணைத்துக் கூறியமையால், காலந்தாழ்த்த விழைந்தார்க்கு அதுவே ஒரு துணையாயிற்று.

வழக்கைத் தொடுத்தவர் பெற்றோர். தீர்ப்பை வழங்கியவர் நீதிபதிகள். தடுக்க முனைந்தவர் ஆளுநரும் சட்டமன்றத்தாரும். ஆயினும் தீர்ப்பைச் செயலாக்கும் பொறுப்பு, புத்தகம் சுமந்து சென்ற பிள்ளைகளின் தோள்மேல் வந்து விழுந்தது. இம்முரண்பாடே நாம் ஆராயப் புகும் நூல்கள் அனைத்தினுக்கும் கருப்பொருளாகும்.

3. மெய்ப்பாட்டு நோக்கு

உணர்வு உடலின்வழிப் புலனாதலை வகுத்துரைத்த தொல்காப்பியரின் மெய்ப்பாட்டியல், பிறநாட்டு இலக்கியத்தை நோக்குதற்கும் நல்லதோர் அளவுகோலாக அமைகிறது. பெருமிதம் தோன்றும் களன்களாக அவர் கூறுவன நான்கு: கல்வி, தறுகண்மை, புகழ், கொடை என்பன. அழுகைக்கு உரியனவாக அவர் கூறுவனவும் நான்கே: பிறர் இகழ்ச்சிக்கு ஆளாகும் இளிவு, இழத்தல், தளர்ச்சி, வறுமை என்பன.

இங்கு நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. கல்வியை நாடித் தறுகண்மையோடு சென்ற சிறாரிடம் பெருமிதத்தின் முதலிரு களன்களும் ஒருங்கே அமைந்துள்ளன. அதே பள்ளியில், அதே நாழிகையில், இளிவு அவர்களைச் சூழ்ந்து நின்றது. ஆகவே பெருமிதமும் அழுகையும் ஒரு நிகழ்ச்சியின் இருபுறங்களாகவே இந்நூல்களில் பயில்கின்றன. ஒன்றை மட்டும் கொண்டு மற்றதை விடுவார் நூலின் பாதியையே கற்றவராவர். பீல்ஸ் தம் நூலுக்கு இட்ட பெயரே இதனைக் காட்டும். அழுகை இல்லாதவிடத்து அழாதே என்று கூற வேண்டுவதில்லை அன்றோ?

4. 'வீரர் அழுவதில்லை'

1957 செப்டம்பரில் ஆர்க்கன்சா மாநிலத்து லிட்டில் ராக் நகரின் மத்திய உயர்நிலைப் பள்ளியில் சேர முன்வந்த கறுப்பின மாணவர் ஒன்பதின்மர். அவருள் ஒருவரான மெல்பாவுக்கு அப்பொழுது அகவை பதினைந்து. செப்டம்பர் 4ஆம் நாள் ஆளுநர் ஆர்வல் ஃபாபஸ் மாநிலக் காவற்படையை நிறுத்தி அவர்களைத் தடுத்தார். 23ஆம் நாள் உள்ளே சென்ற ஒன்பதின்மரும் வெளியே திரண்ட கூட்டத்தின் சீற்றத்தால் நண்பகலுக்குள் வெளியேற்றப்பட்டனர். குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர் 101ஆம் வான்படைப் பிரிவின் வீரர் ஆயிரவர்க்கு மேற்பட்டோரை அனுப்பிய பின்னரே, 25ஆம் நாள் அவர்கள் முறையாக வகுப்பில் அமர முடிந்தது. வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இவ்விடத்தில் முடிகின்றன. பீல்ஸின் நூலோ இவ்விடத்திலேதான் தன் உண்மையான பகுதியைத் தொடங்குகிறது.

படைவீரன் நடைவழிவரை வரலாம்; வகுப்பறைக்குள்ளும் குளியலறைக்குள்ளும் வரலாகாது. இவ்வரம்பை அறிந்த மாணவர் சிலர் அவ்விடங்களையே தம் கொடுமைக்குரிய களங்களாகக் கொண்டனர். படிக்கட்டில் தள்ளுதல், குதிகாலை மிதித்தல், உமிழ்தல் ஆகியன நாள்தோறும் நிகழ்ந்தன என்று நூல் கூறுகிறது. கண்ணில் அமிலம் வீசப்பட்டதனையும், காவலாக வந்த வீரன் உடனே நீரால் கழுவியதனால் பார்வை பிழைத்ததனையும் ஆசிரியர் விரிக்கிறார். இவற்றை அவர் கூறும் முறையே நாம் உற்று நோக்கத்தக்கது. பெருங்கொடுமையையும் சிறுகொடுமையையும் அவர் தரம் பிரித்து அடுக்குவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக, நாட்குறிப்பின் ஒழுங்கில் வைத்துச் செல்கிறார். படிப்போர்க்குச் சலிப்பும் அச்சமும் ஒருசேரப் பிறக்கின்றன. அச்சலிப்பே அம்மாணவியின் ஓராண்டு வாழ்வு என்பதனை உணருங்கால், குறை எனத் தோன்றியதே நூலின் உத்தி என்பது விளங்கும்.

பாட்டி இந்தியா என்னும் முதியவள் இந்நூலின் ஒப்பற்ற படைப்பு. இரவெல்லாம் துப்பாக்கியைக் கையருகே கொண்டு வீட்டைக் காத்தவள் அவளே; அழுதல் வீரர்க்கு ஆகாது என்று பேர்த்தியைத் தேற்றியவளும் அவளே. அவள் அறிவுரையைப் பேர்த்தி ஏற்கிறாள். ஆனால் முற்றும் கடைப்பிடிக்க இயலாமல் தன் அறையில் அழுகிறாள். கட்டளைக்கும் இயல்புக்கும் இடையே நிகழும் இப்போரை மறையாது எழுதியமையே பீல்ஸின் நேர்மைக்குச் சான்று.

இதனோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கவர் மின்னிஜீன் பிரவுன். உணவறையில் நாற்காலிகளால் வழிமறித்துத் துன்புறுத்தப்பட்ட அவர் கையிலிருந்த உணவுக் கிண்ணம் சிறுவர்மீது கவிழ்ந்தது. 1957 டிசம்பரில் அவர் பள்ளியினின்று இடைநிறுத்தப்பட்டார். 1958 பிப்ரவரியில் வேறொரு பூசலைத் தொடர்ந்து முற்றும் நீக்கப்பட்டார். பொறுமையே நுழைவுச்சீட்டாக விதிக்கப்பட்ட இடத்தில் ஒருகணம் வெகுளி கொண்டமைக்கு அவர் கொடுத்த விலை அது. எண்மர் பொறுத்தனர் என்பதனை மட்டும் புகழ்ந்து, ஒருத்தி வெகுண்டாள் என்பதனை அடிக்குறிப்பாக்கும் வரலாறு நீதியுடையதன்று. பீல்ஸ் தம் நூலில் மின்னிஜீனைத் தோழியாகவே காட்டுகிறார், தோல்வியுற்றவராகக் காட்டவில்லை.

நூலின் குறைகளையும் நாம் கூறல் வேண்டும். ஆசிரியர் தம் இளமை நாட்குறிப்பையும் தாயார் தொகுத்து வைத்த குறிப்புகளையும் செய்தித்தாள் நறுக்குகளையும் துணையாகக் கொண்டார். ஆயினும் முப்பத்தேழாண்டுக்கு முற்பட்ட உரையாடல்களை நேர்கூற்றாகவே பக்கந்தோறும் அமைத்துள்ளார். இவை சொல்லுக்குச் சொல் நினைவினின்று எழுந்தன என்று கொள்ளுதல் அரிது. நினைவும் புனைவும் கலந்த நாடகவுரை என்று கொள்ளுதலே பொருந்தும். மேலும் 1957-58ஆம் கல்வியாண்டிற்கு நூலின் பெரும்பகுதியை அளித்த ஆசிரியர், அடுத்த ஆண்டில் நகரத்து உயர்நிலைப் பள்ளிகள் அனைத்தும் மூடப்பட்டமையையும், தாம் கலிபோர்னியா சென்று ஒரு வெள்ளையர் குடும்பத்தில் வாழ்ந்தமையையும் சில பக்கங்களில் முடித்துவிடுகிறார். வெறுப்பினின்று வெளியேறிய ஒரு மனம் மீண்டும் அன்பை நம்பக் கற்றுக்கொண்டது எவ்வாறு என்பது இன்னொரு நூலுக்குரிய பொருள். அது இங்கே சுருங்கிவிட்டது.

5. 'என் கண்களின் வழியே'

ரூபி பிரிட்ஜஸ் பிறந்த ஆண்டு 1954. தீர்ப்பு வந்த ஆண்டும் அதுவே. 1960 நவம்பர் 14ஆம் நாள், ஆறு அகவைச் சிறுமியாக, கூட்டரசுக் காவல் அலுவலர் நால்வர் சூழ நியூ ஆர்லியன்ஸ் நகரத்து வில்லியம் ஃபிரான்ஸ் தொடக்கப் பள்ளியுள் அவர் சென்றார். அன்றே அந்நகரின் மற்றொரு பள்ளியில் சிறுமியர் மூவர் சேர்ந்தனர். வெள்ளையர் தம் பிள்ளைகளைத் திரும்ப அழைத்துக்கொண்டமையால், பாஸ்டன் நகரினின்று வந்த பார்பரா ஹென்றி என்னும் ஆசிரியை அவ்வாண்டு முழுதும் ரூபி ஒருத்திக்கே பாடம் கற்பித்தார். தந்தையார் வேலையை இழந்தார். மிசிசிப்பியில் வாரத்துக்கு உழுதுவந்த பாட்டனும் பாட்டியும் நிலத்தைவிட்டு நீக்கப்பட்டனர்.

பதினைந்து அகவை மெல்பாவுக்குப் பகை இன்னது என்று தெரியும். ஆறு அகவை ரூபிக்கு அது தெரியாது. வாயிலில் ஆர்ப்பரித்த கூட்டத்தைத் தம் நகரின் திருவிழாக் கூட்டம் என்றே அவர் முதலில் எண்ணினார். அக்கூட்டத்தார் ஓதிய பகைமுழக்கத்தின் பொருள் அறியாமல், அதன் சந்தத்திற்கு ஏற்பத் தோழியோடு கயிறு தாண்டி ஆடினார். வெறுப்பின் சொல்லைக் குழந்தை விளையாட்டாக மாற்றிக்கொண்ட இந்நிகழ்ச்சியினும் துயரமானதொரு காட்சியை இவ்விலக்கிய வகையில் நாம் கண்டிலோம். அழுகைக்குரியவள் அழவில்லை, படிப்பவரே அழுகின்றனர்.

இந்நூலின் அமைப்பு போற்றத்தக்கது. குழந்தை கண்டதனை எளிய சொற்களில் கூறிச்செல்லும் ஆசிரியர், குழந்தை அறியாதவற்றைத் தம் வாயால் கூற முற்படவில்லை. செய்தித்தாள்களின் பகுதிகள், ஆசிரியை ஹென்றியின் நினைவுரை, அக்கூட்டத்தை நேரிற்கண்ட ஜான் ஸ்டைன்பெக் என்னும் புதின ஆசிரியரின் குறிப்பு, நிழற்படங்கள் ஆகியவற்றைப் பக்கத்தின் ஓரத்தே வைக்கிறார். நடுவில் குழந்தையின் காட்சி. ஓரத்தில் உலகின் அறிவு. முன்னர் நாம் குறித்த இடைவெளியைப் பீல்ஸ் புனைவால் நிரப்பினார். பிரிட்ஜஸ் அதனை நிரப்பாமல் வெளிப்படக் காட்டினார். சான்றாண்மை நோக்கில் பின்னைய முறையே சிறந்தது என்பது நம் கருத்து.

ரூபி உணவை உண்ணாமல் அலமாரியுள் ஒளித்து வைத்ததும், பாலைப் பசைக் குடுவையில் ஊற்றியதும் நூலில் கூறப்படுகின்றன. நஞ்சிட்டுக் கொல்வதாக ஒரு பெண் நாள்தோறும் அச்சுறுத்திவந்த செய்தியை இதனோடு இணைத்துப் பார்ப்போர், அஞ்சவில்லை என்று புகழப்பட்ட குழந்தையின் உடல் அஞ்சியதனை அறிவர். நெஞ்சம் சொல்லாததை மெய் சொல்லிற்று. மெய்ப்பாடு என்னும் சொல்லின் பொருளும் அதுவேயாம்.

இச்சிறுமியை அந்நாளில் சந்தித்துவந்த மனநல மருத்துவர் ராபர்ட் கோல்ஸ், 1995இல் சிறார்க்கென 'ரூபி பிரிட்ஜஸின் கதை' என்னும் நூலை எழுதினார். தம்மை வைதவர்க்காகச் சிறுமி இறைவனை வேண்டியதாகிய நிகழ்ச்சியை அவர் கதையின் முடிபாக வைத்தார். நிகழ்ச்சி மெய்யே, முடிபாக வைத்ததுதான் ஆராயத்தக்கது. மன்னிப்பில் முடியும் கதை படிப்பவரின் மனத்தை அமைதியுறச் செய்கிறது. வைதவர் வினவப்படாமல் தப்பிவிடுகின்றனர். ரூபியோ தம் நூலை அவ்விடத்தில் முடித்திலர். மறு ஆண்டு காவலரும் இல்லை, ஹென்றி ஆசிரியையும் இல்லை, முன்னாண்டில் ஏதும் நிகழ்ந்ததாகப் பேசுவாரும் இல்லை என்று எழுதுகிறார். அம்மௌனம் கூச்சலினும் அவரை வருத்தியது. பிறர் எழுதிய வரலாற்றுக்கும் தாமே எழுதிய வரலாற்றுக்கும் உள்ள வேறுபாட்டை இவ்விரு முடிபுகளும் தெளிவுறுத்துகின்றன.

6. நிழற்படமும் கற்பனையும்

லிட்டில் ராக்கில் செப்டம்பர் 4ஆம் நாள் தனியே நடந்துசென்ற எலிசபெத் எக்ஃபோர்டின் நிழற்படம் உலகெங்கும் பரவியது. வீட்டில் தொலைபேசி இன்மையால், சேர்ந்து செல்ல வேண்டிய இடம் பற்றிய செய்தி அவரை எட்டவில்லை. படைவீரர் தம்மைக் காக்க நிற்கின்றனர் என எண்ணி அணுகியவரை, அவர்களே துப்பாக்கியை உயர்த்தித் தடுத்தனர். தன்னை ஆளும் இறையும் அச்சத்திற்கு ஒரு களன் என்று தொல்காப்பியர் கூறியதற்கு இதனினும் பொருத்தமான விளக்கம் காண்டல் அரிது. எனினும் அந்நிழற்படத்தில் அச்சம் புலப்படவில்லை. கறுப்புக் கண்ணாடி அணிந்து, புத்தகத்தை மார்போடு அணைத்து நேரே நடக்கும் ஒரு பெண்ணே தோன்றுகிறாள். படம் பெருமிதத்தைக் காட்டும். அச்சத்தைக் காட்டுதற்குச் சொல் வேண்டும்.

இக்குறையை நிரப்ப முயன்றவர் டோனி மாரிசன். 2004இல் வெளியான 'நினைவில் கொள்க' என்னும் நூலில், அக்காலத்து நிழற்படங்களில் காணப்படும் சிறார்க்கு அவர் தம் கற்பனையால் உரை படைத்தார். நோபெல் பரிசு பெற்ற அப்பெரும்புலவரின் நடை இனிது. ஆயினும் படத்தில் நிற்பவர் கற்பனை மாந்தர் அல்லர். அவருட் சிலர் தம் வாயாலேயே பேசவும் வல்லவர். அவர்தம் வாயில் பிறர் சொல்லை இடுதல், அன்பினால் செய்யப்படினும் ஆராயாது ஏற்கத்தக்கதன்று. இதற்கு மாறாகக் குவெண்டலின் புரூக்ஸ் 1960இல் வெளியிட்ட தொகுதியிலுள்ள லிட்டில் ராக் பற்றிய பாட்டு, சிறாரின் உள்ளத்துள் புக முயலவில்லை. செய்தி திரட்டச் சென்ற ஒருவன் கண்ட அந்நகர மக்களையே அது பாடுகிறது. ரொட்டி சுட்டு, கோயிலில் பாடி, பந்தாட்டம் கண்டு மகிழும் அவர்கள் எங்குமுள்ள மக்களைப் போன்றவரே என்பதுதான் அவன் கண்ட திடுக்கிடும் செய்தி. தாம் அறிந்த எல்லையுள் நின்று பாடியமையால் அப்பாட்டு வலிமை பெற்றது.

7. ஒரு மறுப்பும் அதன் விடையும்

பெரியோர் தீர்க்க வேண்டிய வழக்கைச் சிறார்மேல் சுமத்துதல் தகுமோ என்று வினவியவர் ஹன்னா அரெண்ட். செய்தித்தாளில் கண்ட ஒரு நிழற்படத்தை முதலாகக் கொண்டு 1959இல் எழுதிய கட்டுரையில், கறுப்பினப் பெற்றோரின் செயலை அவர் குறை கூறினார். ரால்ஃப் எல்லிசன் என்னும் எழுத்தாளர், 1965இல் வெளியான ஒரு நேர்காணலில் இதனை மறுத்தார். தென்னகத்துக் கறுப்பினத்தாரிடையே ஈகம் ஒரு வாழ்வியல் நெறி. அச்சத்தை எதிர்கொண்டு அடக்கி நிற்றல் அவர்தம் பிள்ளைகள் கடக்க வேண்டிய ஒரு தேர்வு என்பது அவர் வாதம். அரெண்ட் அவ்வாண்டே எல்லிசனுக்கு எழுதிய மடலில் தாம் இவ்வீகத்தை உணராதிருந்ததாக ஒப்பினார்.

இவ்வாதம் அத்துடன் முடிந்தது எனப் பலர் கருதுவர். சிறாரின் நூல்களைச் சான்றாகக் கொள்வோர்க்கு அது முடிந்ததன்று. பெருமிதத்தின் நான்காம் களனாகிய கொடையில், பொருளேயன்றி உயிரையும் உடம்பையும் கொடுத்தலை உரைகாரர் அடக்குவர். ஆனால் கொடை என்பது தன்னுடையதைத் தருதல். அங்ஙனமாயின் இங்கே கொடுத்தவர் யார்? பெற்றோரா, பிள்ளைகளா?

வகுப்பறையில் வினவப்பட்டபொழுது வீட்டாரைக் கேளாமலே தாம் கையை உயர்த்தியதாகப் பீல்ஸ் எழுதுகிறார். ஒன்பதின்மருள் இளையவரான கார்லோட்டா வால்ஸ் லனியர் 2009இல் வெளியிட்ட தன்வரலாற்றிலும், பெற்றோரிடம் கூறுமுன்னரே தாம் கையெழுத்திட்டதாகக் காண்கிறோம். 1951 ஏப்ரல் 23ஆம் நாள் வர்ஜீனியாவின் ஃபார்ம்வில் நகரில், இடிந்த வசதிகளைக் கண்டித்துத் தம் பள்ளி மாணவர் அனைவரையும் வெளிநடத்தியவர் பதினாறு அகவைப் பார்பரா ஜான்ஸ்; அவ்வெழுச்சியினின்றே 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பில் அடங்கிய வழக்குகளுள் ஒன்று தோன்றியது. இவர்களைப் பெரியோரால் ஏவப்பட்ட சிறார் என்றல் பொருந்தாது. இவர்களைப் பொறுத்தவரை அரெண்டின் குற்றச்சாட்டு நில்லாது.

ரூபியின் நிலை வேறு. தேர்வு எழுதியதன் பொருளைக்கூட அறியாத குழந்தை அவர். தாயார் விரும்பினார், தந்தையார் தயங்கினார், குழந்தையை எவரும் கேட்கவில்லை, கேட்டிருப்பினும் விடை கூறும் அகவை அதுவன்று. இங்கு அரெண்டின் வினா உயிரோடு நிற்கிறது. ஆனால் அவ்வினா செல்ல வேண்டிய இடம் பெற்றோர் அன்று. வாயிலில் நின்று வைத முதிர்ந்தோரும், தீர்ப்பைக் காக்க வேண்டிய பொறுப்பைத் தட்டிக்கழித்த ஆட்சியாளருமே அதற்கு விடை கூறக் கடமைப்பட்டவர். வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்டு மாவட்டம் 1959 முதல் 1964 வரை தன் பொதுப்பள்ளிகளை மூடியே வைத்தது என்பதனை எண்ணுங்கால், பிள்ளையை அனுப்பாதிருத்தலும் பிள்ளைக்குக் காப்பாக அமைந்திராது என்பது பெறப்படும்.

இன்னொன்றும் கூறற்பாலது. கறுப்பினப் பள்ளிகள் யாவும் குறைபாடே உருவானவை என்னும் எண்ணம் தவறானது. வட கரோலினாவின் காஸ்வெல் வட்டத்துப் பள்ளி ஒன்றைப் பற்றி வனெஸ்ஸா சிடில் வாக்கர் 1996இல் வெளியிட்ட ஆய்வு, பொருள் வறுமையிடையும் ஆசிரியர் அன்பினால் சிறந்து விளங்கிய ஒரு கல்விக்கூடத்தைக் காட்டுகிறது. ஒருங்கிணைப்பின்பொழுது அத்தகைய பள்ளிகள் பல மூடப்பட்டன. கறுப்பின ஆசிரியர் பல்லாயிரவர் பணி இழந்தனர். தம்மைப் பெயரிட்டு அழைத்து ஊக்கிய ஆசிரியரை விட்டுத் தம்மை நோக்கவும் மறுத்த ஆசிரியரிடம் சென்ற சிறாரின் இழப்பும், அழுகைக்குரிய இழத்தல் என்னும் களனுள் அடங்குவதேயாம்.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படும். இத்தன்வரலாறுகளில் பெருமிதமும் அழுகையும் பிரிக்கவொண்ணாதவை. ஒன்றை நீக்கினால் மற்றொன்று பொய்யாகும். சிறார் உற்றதனை அவர்க்காகப் பிறர் கூறுங்கால் முடிபு இனிதாகிறது, உண்மை குறைகிறது. ஆகவே அவர்தம் சொல்லே முதற்சான்றாகக் கொள்ளத்தக்கது. குழந்தை அறியாததை அறியாததாகவே விட்டுவைக்கும் நூல், அனைத்தையும் அறிந்ததாகக் கூறும் நூலினும் நம்பத்தக்கது.

ஏர்னஸ்ட் கிரீன் 1958 மே மாதத்தில் லிட்டில் ராக் மத்திய உயர்நிலைப் பள்ளியினின்று பட்டம் பெற்ற முதற்கறுப்பின மாணவரானார். வரலாறு அந்நாளைக் குறித்து வைத்துள்ளது. அதற்கு முற்பட்ட ஒன்பது மாதங்களில், உணவறையில் எவரும் அருகமராத நண்பகல்கள் எத்துணை என்பதனை எந்த ஆவணமும் குறித்து வைக்கவில்லை. அக்கணக்கை நமக்குத் தருவன இத்தன்வரலாறுகளே. இலக்கியமாக இவற்றை நாம் கற்றற்கு அதுவே போதிய காரணமாகும்.